கொஞ்சம்னா எவ்ளோ?

‘கொஞ்சம்’ என்ற வார்த்தையை அவர் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. “டீ வர கொஞ்சம் நேரமாகும்” என்றால், “கொஞ்சம்னா எவ்ளோ?” என்பார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். பத்து நிமிஷம் என்று சொன்னால் முகம் தெளிந்துவிடும். ஒரு மணி நேரம் என்றாலும் கோபம் வராது. அவருக்கு ஒரு எண் கிடைத்தால் போதும்.

திருப்பதியில் ரேணிகுண்டா போகிற சாலையில் இருந்த ஒரு கார் ஏ.சி. ஒர்க்‌ஷாப்பில் அவர் மெக்கானிக். நான் முன்பக்கம் கவுண்ட்டரில் உட்கார்ந்து பில் போடுகிறவள், போன் எடுக்கிறவள், வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்கிறவள். ஓனரும் மற்ற மெக்கானிக்குகளும் தெலுங்கு. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பிச்சாட்டூர், அவருக்கு வெதுருகுப்பம் பக்கம் ஒரு ஊர். என்னைவிட ஆறேழு வயது பெரியவராக இருப்பார். ‘அண்ணா’ என்று கூப்பிடுவேன். எரிச்சல் வந்தால் ‘இன்னா சார்’ என்பேன். அவருக்கு நான் எப்போதும் ‘யம்மா’தான்.

அவர் வேலை செய்யும் இடத்தில் ஆணியில் ஒரு தாள் தொங்கும். எந்தக் காரில் எந்த போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்ற பட்டியல். கம்ப்ரசரைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு இவ்வளவு, கேஸ் ஓடும் குழாயின் மூட்டுக்கு இவ்வளவு, டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் பெட்டியைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவுக்கு இவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் போட்டிருக்கும், ஒன்று பவுண்டு கணக்கு, இன்னொன்று நியூட்டன் கணக்கு. துணியைக் கஜத்திலும் அளக்கலாம், மீட்டரிலும் அளக்கலாம் என்பது போலத்தான். முடுக்குவதற்கு டார்க் ரென்ச் என்று நீளமாக ஒரு ஸ்பானர் வைத்திருந்தார். அதன் கைப்பிடியைத் திருகி எண்ணை வைத்துவிட்டு முடுக்கினால், அந்த அளவு வந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். மற்றவர்கள் கை போதும் என்று சொல்கிற இடத்தில் நிறுத்துவார்கள். இவர் அந்த ‘டக்’ கேட்கிறவரை நிறுத்தமாட்டார், கேட்ட பிறகு இம்மியும் நகர்த்தமாட்டார்.

ஒருமுறை ரைஸ் மில்காரர் ஒருவருடைய காருக்குள் ஹீட்டர் தண்ணீர் ஒழுகியது. இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு, அடைத்துவிடு என்றார் அவர். இவர் கேட்கவில்லை. குழாயை மாற்றி கிளிப் போட்டார். “கட்டிகா பிகின்ச்சு” என்று மில்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு விரட்டினார். கெட்டியாக முடுக்கு என்று அர்த்தம். இவர் நிமிர்ந்து, “கட்டிகா அன்டே எந்தண்ணா?” என்று கேட்டார். கெட்டியாக என்றால் எவ்வளவு? அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

லூசாக விடுவது மட்டும்தான் தப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு அலுமினியத் துண்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். வேறொரு மெக்கானிக் முடுக்கிய இடம். உள்ளே மரை மொத்தமும் வழித்துக்கொண்டு போயிருந்தது.

“இன்னாண்ணா இது?”

“பலம் காட்டிக்கீறான். பத்து போதும்ற எடத்துல கைக்கு வந்த மட்டும் இறுக்கிக்கீறான். இனிமே இதுல எது போட்டாலும் நிக்காது.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. வேலை செய்யத் தெரியாதவர்களைவிட, அளவு தெரிந்தும் கூடுதலாகப் போகிறவர்கள்மேல் அவருக்கு மனக்கசப்பு அதிகம்.

என் பெண்ணுக்கு ஒருநாள் காய்ச்சல். வீட்டிலிருந்து போன் வந்தபோது அவர் கவுண்ட்டர் பக்கம் நின்றிருந்தார். “எவ்ளோ?” என்றார். “நெருப்பா கொதிக்குதாம்” என்றேன். அவர் வெளியே போனார். மருந்துக் கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு வந்தார். “உங்க பக்கத்து வீட்டுக்காரம்மாவ வந்து எடுத்துகினு போச் சொல்லு. வச்சி பாத்து நம்பர சொல்லட்டும்.” நூற்று மூன்றரை என்று பதில் வந்ததும், “நீ கெளம்பு. ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். அன்று முழுக்க பில்லும் அவரே போட்டிருக்கிறார். குண்டு குண்டான கையெழுத்தில், ஒரு தப்பு இல்லாமல். இப்படிப்பட்ட மனிதரை எனக்குப் பிடிக்காமல் போகுமா? பிடித்தது. ஆனால் பிடித்தவர்களிடம்தானே நமக்குச் சலிப்பும் சீக்கிரம் வருகிறது.

சலிப்பு வரக் காரணம் அவருடைய சந்தேகம். வண்டியை அனுப்பிவிட்டு மத்தியானம் சாப்பிடும்போது அவருக்கு ஏதாவது ஒரு போல்ட்டு ஞாபகத்துக்கு வரும். ‘டக்’ கேட்டதா, இல்லை பக்கத்து வண்டியில் கேட்ட சத்தமா? பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவார். “யம்மா, அந்தப் பார்ட்டிக்கு போன் போடு. திரும்பி வரச் சொல்லு.” நான்தான் போட வேண்டும். மெக்கானிக்குகளிடம் பார்ட்டியின் போன் நம்பர் போகக்கூடாது என்பது ஓனரின் கட்டளை. முன்பு ஒரு மெக்கானிக் நம்பர்களை எழுதிக்கொண்டுபோய், தனியாக ஷெட் போட்டு, பாதிப் பார்ட்டிகளை இழுத்துக்கொண்டானாம். அதிலிருந்து நம்பர் இருக்கும் நோட்டு என் டிராயரில், சாவி என் கையில்.

திரும்பி வருகிறவர்கள் சும்மா வருவார்களா? சித்தூர் போய்க்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரைப் பாதி வழியில் கூப்பிட்டுத் திருப்பினேன். அவர் மனைவியோடு வந்து இறங்கி, இவர் வண்டிக்குள் தலையை விட்டு ஒரே ஒரு ஸ்க்ரூவைச் சோதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் வெளியே வந்து சந்தோஷமாக, “சரியாதான் கீது சார்” என்றார். தாசில்தார் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தச் சித்திரை மாதத்தில் மட்டும் அப்படி ஐந்து பேரைக் கூப்பிட்டேன். ஐந்தும் சரியாகவே இருந்தன. கடைசி ஆள் ஓனருக்கே போன் செய்துவிட்டான். ஓனர் என்னை எல்லோர் முன்னாலும் திட்டினார்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை கார்வேட்டிநகரத்து டிரைவர் ஒருவனுடைய வண்டிக்கு கம்ப்ரசர் மாற்றினார். சொந்தமாக ஒரு கார் வைத்துக்கொண்டு மலைக்கும் காணிப்பாக்கத்துக்கும் பக்தர்களை ஏற்றிப்போகிறவன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுவான். பழைய டார்க் ரென்ச் சிக்கிக்கொண்டதால் ஓனர் அந்த வாரம்தான் புதிது வாங்கிக் கொடுத்திருந்தார். காலையில் வேலை முடிந்தது, வண்டி போயிற்று.

மத்தியானம் அவர் எச்சில் கையோடு வந்து நின்றார்.

“யம்மா, கார்வேட்டிநகரம் தம்பிக்கு போன் போடு.”

“இன்னா சார், இன்னிக்குமா?”

“பழைய ரென்ச்சு பவுண்டு கணக்கு. அதுல பதினெட்டு வைப்பேன், மனப்பாடம். புதுசு நியூட்டன் கணக்கு. இதுல இருவத்தஞ்சு வைக்கணும். நான் பழக்கத்துல பதினெட்டே வச்சிட்டேன். தாளப் பாக்கல. கம்ப்ரசர் போல்ட்டு அத்தினியும் கம்மியா நிக்குது.”

“ஓடாதா?”

“ஓடும்.”

“எவ்ளோ நாளு ஓடும்?” வேண்டுமென்றேதான் கேட்டேன். எல்லோரையும் கேட்கிறவரை நாமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே என்று.

அவர் தரையைப் பார்த்தார். “தெர்ல. அதான் பயமா கீது” என்றார்.

நான் சரி என்றேன். அவர் கை கழுவப் போனார். அப்போது இரண்டு பார்ட்டிகள் உள்ளே வந்தார்கள். ஓனர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஐந்து முறை திட்டு வாங்கியாயிற்று, ஆறாவது எதற்கு என்று இருந்தது. அந்த எரிச்சலில் நான் போன் போடவில்லை. மறந்துபோகவில்லை. இதை எழுதும்போதாவது நேராக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை, போடவில்லை.

நாலு மணிக்கு வந்து கேட்டார். “போட்டேண்ணா. நாளிக்கு வர்றானாம்” என்றேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் கேட்டார். “சவாரி கீதாம், திங்கக்கெழம வர்றானாம்.” திங்கட்கிழமையும் வரவில்லை என்றதும் அவரே ஓனரிடம் போய் நம்பர் கேட்டார். உனக்கெதற்கு நம்பர், அந்தம்மா பேசுகிறாள் அல்லவா என்று ஓனர் அனுப்பிவிட்டார். அவர் என்னிடம் திரும்பி வந்து, “இன்னோர் தபா சொல்லுமா. அவசரம்னு சொல்லு” என்றார். முதல் முறையாக அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. சொல்கிறேன் என்றேன். அப்போதாவது போட்டிருக்கலாம். போட்டால் முன்பு போடாதது தெரிந்துவிடுமோ என்று ஒரு மடத்தனமான பயம். ஐந்து வண்டியும் சரியாக இருந்ததே, இதுவும் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது அந்த வண்டியில் கம்ப்ரசர் ஆடிச் சாய்ந்து பெல்ட்டு கழன்றுவிட்டது. அந்த ஒரே பெல்ட்டில்தான் ஸ்டீயரிங்கை லேசாக்குகிற பம்ப்பும் ஓடுகிறது. திருப்பத்தில் ஸ்டீயரிங் கல்லாகி நின்றிருக்கிறது. அவன் எப்படியோ பள்ளத்தின் பக்கம் விடாமல் பாறைப் பக்கம் இடித்து நிறுத்திவிட்டான். உள்ளே இருந்த ஐந்து பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அவனுக்கு வலது முழங்கை நொறுங்கியது.

இரண்டு நாள் கழித்து அவனுடைய மாமா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நல்ல உயரம், தோளில் துண்டு, சத்தமே போடாமல் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

“எங்க புள்ள வண்டில கை வச்சது யாரு?”

“நான்தான்” என்று இவர் முன்னால் வந்தார். “இருவத்தஞ்சு வைக்க வேண்டியத பதினெட்டு வச்சிட்டேன். என் தப்புதான்.”

“தெரிஞ்சிகினே உட்டியா?”

“மத்தியானமே தெரிஞ்சிது. தெரிஞ்சதும் போன் போடச் சொன்னோம். தம்பி நாளிக்கு வர்றேன், திங்கக்கெழம வர்றேன்னு சொல்லிகினே இருந்தாரு.”

“எந்த போன்யா? ஆஸ்பத்திரில அவன் போன் என் கைலதான் கீது. உங்க கடைலேர்ந்து ஒரு போன் வர்ல.”

இவர் என் பக்கம் திரும்பினார். ஓனர், மூன்று மெக்கானிக்குகள், ஏ.சி. வாயு நிரப்ப வந்த ஒரு பார்ட்டி, எல்லோரும் நின்றிருந்தார்கள். லைன் கிடைக்கவில்லை என்று அவரே ஏதாவது சொல்லி மூடிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூடப் பிறந்தவன் என்றால் சொல்லியிருப்பான். அவர் கேட்டார்.

“போட்டியா, போடலியா?”

“அண்ணா...”

“போட்டியா, போடலியாமா?”

“போடல.”

அவர் ஓனரைப் பார்த்துத் தெலுங்கிலும், மாமாவைப் பார்த்துத் தமிழிலும் ஒரே விஷயத்தைச் சொன்னார். “கம்மியா முடுக்கினது என் தப்பு. அத நான் ஏத்துக்கிறேன். போன் போடாதது அவங்க தப்பு. அத நான் ஏத்துக்க முடியாது. ரெண்டத்தையும் ஒண்ணாக் கட்டாதீங்க.”

நான் அழுதேன். அந்த அழுகையில் பாதி பயம், பாதி அவர்மேல் வந்த ஆத்திரம். எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தி இப்படிப் பங்கு பிரித்தாரே என்று வயிறு எரிந்தது. மாமா என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஓனருக்கு அழுகிற பெண்ணை அனுப்பத் தைரியம் இல்லை, நோட்டில் எங்கே எது இருக்கிறது என்று சொல்ல என்னைவிட்டால் ஆளும் இல்லை. சாயங்காலம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவர் ஓனரிடம், “அவங்களுக்கு இன்னா தண்டன?” என்று கேட்கவில்லை. தன்னுடைய தாளை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். என் கவுண்ட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஒரு வருஷம் அவரை வெறுத்தேன். வெறுப்பது வசதியாக இருந்தது. தான் பெரிய அரிச்சந்திரன் என்று நினைப்பு, மனுஷனுக்கு மனுஷன் ஒரு ஒத்தாசை உண்டா என்று என் வீட்டுக்காரரிடம் புலம்புவேன். ஒருநாள் அவர் கேட்டுவிட்டு, “அந்தாளு சொன்னதுல எது பொய்?” என்றார். அன்று நான் சோறு தின்னவில்லை. மெக்கானிக் அண்ணா வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கும், பிறகு கார்வேட்டிநகரத்துக்கும் போய் அந்த டிரைவரைப் பார்த்து வருகிறார் என்று மற்ற மெக்கானிக்குகள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோதும் நடிப்பு என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் கவுண்ட்டரில் போன் அடித்தால் எடுக்கக் கை கூசியது. கடைசியில் நானே வேலையை விட்டேன்.

மூன்றாவது வருஷம் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை என்றார். என் பெண் எந்த வகுப்பு படிக்கிறாள், எத்தனை மார்க் என்று கேட்டார். அவ்வளவு சாதாரணமாக அவர் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை.

“என்ன மன்னிச்சிடுண்ணா” என்றேன்.

“என்கிட்ட எதுக்கு? ஒடஞ்ச கை என்னுது இல்லியே. அந்தத் தம்பியப் போய்ப் பாரு.”

“எந்த மூஞ்ச வச்சிகினு போறது? ஒண்ணு மட்டும் சொல்லுண்ணா. நான் போன் போட்டிருந்தா அவன் வந்திருப்பானா? சீசன் டைமு. ஒரு நிமிசம் நிக்காத ஓடிகினு இருந்தான். நான் போட்டிருந்தாலும் அவன் வந்திருக்கமாட்டான் இல்ல?”

பஸ் வந்து நின்றது. அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “தெர்ல” என்றார். ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக, “போய்ப் பாருமா” என்று இன்னொரு முறை சொன்னார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்தத் ‘தெர்ல’ என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாலைந்து மாதம் ஓட்டினேன். அளவு தெரிந்தால் சொல்லாமல் விடாத மனிதருக்கே தெரியவில்லை என்றால், வந்திருக்கமாட்டான் என்பதற்கும் இடம் இருக்கிறதே. அந்தத் தைரியத்தில் கார்வேட்டிநகரம் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். வலது கை முழங்கையில் பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டது. இடது கையால் தாளைத் தள்ளி, இடது கையால் எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, “வாக்கா, குந்து” என்று ஸ்டூலை நகர்த்தினான்.

நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். “மாமா சொன்னாருக்கா, தெரியும்” என்றான். பிறகு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தான். அவன் கோபப்படாதது எனக்குப் போதவில்லை. எனக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது.

“போட்டிருந்தா வந்திருப்பியாப்பா? நெஜத்த சொல்லு.”

அவன் மிஷினை நிறுத்தினான். சாலையைப் பார்த்தான்.

“உங்க கடைக்கு எதிர்லயே பங்க் கீது பாரு. அந்த வாரம் மூணு தபா அங்கதான்க்கா டீசல் போட்டேன். ஒருநா கியூ. அர மணி நேரம் சும்மா நின்னுகினு இருந்தேன். போன் கூட வேணாம், நீ கைய ஆட்டியிருந்தா வந்திருப்பேன்.”

சோடா என் கையில் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் குடித்தேன்.

“இது அந்த அண்ணாவுக்குத் தெரியுமா?”

“மொத மொத ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, அன்னிக்கே சொன்னேன். வெளிய போய் நின்னுட்டு வந்தாரு. அப்புறம் என் நல்ல கையப் புடிச்சிகினு, ‘அந்தம்மா என்னிக்காவது வருவாங்க. வந்து கேட்டாலும் இத மட்டும் சொல்லிடாத தம்பி’ன்னாரு.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நீ நெஜத்த சொல்லுன்னு கேட்டுட்டியேக்கா.”